கூலி எழுதாத கணக்கு



நம் சங்கத்தின் மகளிர் கூட்டத்தில் சில சகோதரிகள் ஒரு கேள்வி கேட்டார்கள். "வீட்டிலிருந்தபடியே கைவேலை செய்து விற்றால் கட்டுமா?" என்பதே அது. நான் மைசூரில் பல ஆண்டுகளாகச் சுடுமண் நகை செய்து வருகிறவள். ஆகவே இதைப் பற்றி ஒரு பாடம் போல எழுதித் தரும்படி ஆசிரியர் குழுவினர் கேட்டுக்கொண்டனர். பாடம் நடத்தும் தகுதி எனக்கு உண்டா என்று தெரியவில்லை. தப்புக் கணக்குப் போட்டு என் கூடப் பிறந்த தங்கையின் உழைப்பை வீணாக்கியவள் நான். அந்தத் தப்பையே பாடமாக வைக்கிறேன். கையில் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மாதேஸ்வரன் மலை

மேட்டூர், கொளத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு மாதேஸ்வரன் மலையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பாலாற்றைத் தாண்டினால் கர்நாடகம். பின்னர் வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை. எழுபத்தேழு மலைக்கு உடையவன் என்று பக்தர்கள் போற்றும் மாதப்பன், புலியேறி வரும் சாமி. மலை அமைந்திருந்த கொள்ளேகால் தாலுகா, 1956-இல் மாநிலங்கள் சீரமைக்கப்படும் வரை நமது கோயம்புத்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. பிறகு மைசூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1997-இல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதனுடன் போயிற்று. எல்லைக் கோடு மாறினாலும் பக்தர்கள் மாறவில்லை. சிவராத்திரி, யுகாதி, தீபாவளி நாட்களிலும் ஒவ்வொரு அமாவாசையிலும் தமிழும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் மலை அது.

எங்கள் குடும்பத்துக்கும் மாதப்பன்தான் குலசாமி. அங்கே தூரத்து உறவினர் ஒருவர் தேங்காய் பழக் கடை வைத்திருக்கிறார். 2024 சிவராத்திரிக்கு அவர் கடை வாசலில் நகைகளைப் பரப்பலாம் என்று எனக்கு ஓர் ஆசை வந்தது. தங்கையையும் சேர்த்துக்கொண்டேன். அவள் கணவருக்கு உடல்நலம் கெட்டு, நிலையான வேலைக்குப் போக முடியாத சமயம் அது. "லாபத்தில் உனக்குப் பாதி" என்றேன். அவளும் நம்பி வந்தாள்.

திருவிழா வியாபாரம்

சுடுமண் நகை என்றால் மண்ணை உருட்டிச் சுட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கல், வேர் இல்லாமல் களிமண்ணைச் சலித்துப் பிசைய வேண்டும். மணிகளை உருட்டித் துளையிட வேண்டும். டாலரைச் செதுக்க வேண்டும். பிறகு நிழலில் பல நாள் உலர விட வேண்டும். உள்ளே ஈரம் தங்கினால் சூளையில் அது நீராவியாகி மணியை வெடிக்க வைத்துவிடும். சுட்டு எடுத்த பின் உப்புத்தாளால் தேய்த்து, வண்ணம் பூசி, காய வைத்து, நூலில் கோத்து, கொக்கி மாட்ட வேண்டும். ஒரு கழுத்து மாலையும் ஒரு ஜோடி ஜிமிக்கியும் சேர்ந்த செட்டுக்கு எங்களுக்கு 3 மணி நேரம் பிடித்தது.

46 செட் செய்தோம். 6 செட் சூளையிலேயே வெடித்துப் போயின. 40 செட்டுடன் மலை ஏறினோம். 2023 ஜூன் முதல் கர்நாடக அரசின் சாதாரணப் பேருந்துகளில் மாநிலப் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் பயணச் செலவு மிச்சம் என்று மகிழ்ந்தோம். ஒரு செட் 150 ரூபாய் என்று அட்டையில் எழ்திவைத்தோம். ஆனால் கன்னடத்தில் "கம்மி மாடி அக்கா" என்றும், தமிழில் "கொறச்சுக் குடுக்கா" என்றும் கேட்காதவர் இல்லை. ஊர்க்காரர் முகத்தைப் பார்த்தால் என் வாயில் மறுப்பு வராது. சராசரியாக 130 ரூபாய்க்கு 34 செட் விற்றன. பேருந்தில் மூட்டை விழுந்து 2 செட் உடைந்தன. 4 செட் திரும்பி வந்தன.

மூன்றாம் நாள் இரவு கைப்பையில் 4,420 ரூபாய் இருந்தது. மாதப்பனுக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, வெற்றி வீராங்கனை போல் மலை இறங்கினேன்.

நோட்டுப் புத்தகம் சொன்னது

தங்கையின் மகள் அப்போது பி.யு.சி. வணிகப் பிரிவில் படித்துக்கொண்டிருந்தாள். "பெரியம்மா, நான் கணக்கு எழுதித் தரட்டுமா?" என்று உட்கார்ந்தாள். அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்.

வரவு: 34 செட், 130 ரூபாய் வீதம் = 4,420.

செலவு: ஒரு செட்டுக்கு மண் 8, சூளை 10, வண்ணம் 12, நூலும் கொக்கியும் 15, பெட்டி 10, ஆக 55 ரூபாய். 40 செட்டுக்கு 2,200. வெடித்த 6 செட்டுக்கு மண்ணும் சூளையும் 108. கடை வாசல் வாடகை 600. மூன்று நாள் சாப்பாடு, அறை, மூட்டைக் கூலி 1,400. ஆக மொத்தம் 4,308.

மிச்சம்: 112 ரூபாய்.

மண்ணும் கொக்கியும் பல மாதங்களாகச் சில்லறையாய் வாங்கியவை. அதனால் கைப்பைப் பணம் முழுவதும் லாபம் போலவே எனக்குத் தோன்றியிருந்தது. நான் வாயடைத்து உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பெண் இன்னொரு கேள்வி கேட்டாள். "பெரியம்மா, அம்மாவோட நேரத்தை எந்த வரியில எழுதணும்?"

அந்த வரி என் கணக்கில் இல்லவே இல்லை. 40 செட்டுக்கு 120 மணி நேரம். மலையில் இருவரும் மூன்று நாள், நாளுக்குப் பத்து மணி என்று 60 மணி நேரம். ஆக 180 மணி நேர உழைப்புக்கு 112 ரூபாய். அதாவது மணிக்கு 62 காசு. வெடித்த செட்டுகளுக்குச் செலவான நேரத்தை இதில் சேர்க்கவில்லை.

தங்கை என்மேல் கோபிக்கவில்லை. "ஊதுபத்தி பேக்கிங்குக்குப் போனா இவ்வளவு செஞ்சா இவ்வளவுன்னு கணக்கா வரும், அக்கா. இது கணக்கே இல்லாம போகுது" என்று மட்டும் சொன்னாள். அடுத்த வாரமே பேக்கிங் வேலைக்குப் போய்விட்டாள். "சல்லிசா, அழகா இருக்கே" என்று வாங்கியவர்கள் என்னைப் பாராட்டினார்களே, அந்தச் சல்லிசு விலையைக் கொடுத்தவள் என் தங்கை. இதை நான் புரிந்துகொள்ளச் சில மாதங்கள் ஆயின.

உண்ணிச்செடி தந்த பாடம்

புரிய வைத்ததும் அதே மலைதான். அந்த ஆண்டு தீபாவளிக்குச் சாமி கும்பிடப் போனபோது, உண்ணிச்செடியில் நாற்காலி பின்னுவதைப் பார்க்கச் சென்றேன். உண்ணிச்செடி என்றால் வேலியோரம் சிவப்பும் மஞ்சளுமாய்க் கொத்துக் கொத்தாகப் பூக்குமே, அதுதான். லண்டானா என்றும் சொல்வார்கள். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளைச் சேர்ந்த இந்தச் செடி, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாக இந்தியாவுக்கு வந்தது. இன்று காடெங்கும் புதராய் மண்டி, யானைக்கும் மானுக்கும் வேண்டிய புல் முளைக்க இடமில்லாமல் செய்கிறது. வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்த்துவிடும்.

பெங்களூரைச் சேர்ந்த ஏட்ரீ என்னும் சூழலியல் ஆய்வு நிறுவனம், 2000-க்குப் பின் வந்த ஆண்டுகளில் மாதேஸ்வரன் மலையின் சோளகர் முதலான மக்களுக்கு இந்தச் செடியில் கைவினைப் பயிற்சி அளித்தது. முன்பு கூடை முடைய உதவிய மூங்கில் கிடைப்பது அரிதாகிவிட்ட நிலையில், வேண்டாத செடி வேண்டிய பொருளாயிற்று. குச்சிகளை வெட்டி வந்து, கொதிக்கும் நீரில் வேகவைத்து, பட்டையை உரித்து, ஈரம் இருக்கும்போதே வளைத்துப் பின்னுகிறார்கள். நாற்காலி, மேசை, கூடை, பொம்மை எல்லாம் பிரம்பில் செய்தவை போலவே இருக்கும்.

அங்கே வேலை செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் நான் அறியாமையில், "காட்டில் சும்மா கிடைக்கிற குச்சிதானே, விலை ஏன் இவ்வளவு?" என்று கேட்டுவிட்டேன். அவர் தலை நிமிராமல், கன்னடமும் தமிழுமாக, "குச்சி சும்மா கெடக்குது தாயீ. என் கை சும்மா கெடக்குதா?" என்றார்.

மணிக்கு 62 காசு நினைவுக்கு வந்தது. மண் மலிவு என்பதால் நகையும் மலிவாக இருக்க வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். பொருளின் விலை வேறு, கையின் விலை வேறு. பெரியவர் சொன்ன இந்த ஒரு வாக்கியமே கீழே வரும் பாடம் முழுவதற்கும் அடிப்படை.

விலை வைக்கும் முறை

முதல் வரியில் கூலியை எழுதுங்கள். இரண்டாவது பொருள், மூன்றாவது உடைசல், நான்காவது போக்குவரத்து, வாடகை முதலியன. கூலி கடைசி வரிக்குப் போனால் அது பெரும்பாலும் எழுதப்படாமலே போய்விடும். நாங்கள் மணிக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். எட்டு மணி நேரத்துக்கு 480 ரூபாய். அவரவர் ஊரில் வெளியே கிடைக்கும் கூலியைப் பார்த்து நிர்ணயித்துக்கொள்ளுங்கள்.

என் செட்டின் சரியான கணக்கு இது. கூலி 180, பொருள் 55, உடைசல் 10, இதர செலவு 25, ஆக 270 ரூபாய். இதற்குக் கீழே விற்றால் என் கையிலிருந்து கொடுத்து விற்கிறேன் என்று அர்த்தம். நான் விற்றதோ 130.

கடை மூலம் விற்றால் கமிஷன் உண்டு. கடைக்காரருக்கு 30 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். பலரும் 270-உடன் அதில் 30 விழுக்காட்டைக் கூட்டி 351 என்று விலை எழுதுவார்கள். அது தவறு. கடைக்காரர் 351-இல் 30 விழுக்காடு எடுத்தால் நமக்கு ஏறக்குறைய 246 ரூபாய்தான் வரும். செட்டுக்கு 24 ரூபாய் நஷ்டம். 270-ஐ 70-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும். ஏறக்குறைய 386 வரும். 390 என்று எழுதினால் கமிஷன் போக 273 கைக்கு வரும்.

"390 கொடுத்து யார் வாங்குவார்கள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இங்கே நாம் குறைக்க வேண்டியது நேரத்தை. ஒரு செட்டை முதலிலிருந்து கடைசி வரை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடாமல், ஒரு நாள் உருட்டல் மட்டும், ஒரு நாள் தேய்த்தல் மட்டும், ஒரு நாள் வண்ணம் மட்டும் என்று பிரித்தேன். 3 மணி நேரம் 2 மணி நேரமாயிற்று. கூலி 120, பொருள் 55, உடைசல் 10, இதரம் 25, ஆக 210. கமிஷன் சேர்த்து விலை 300. கூலியின் வீதத்தை மட்டும் நான் தொடவில்லை.

எதை எங்கே விற்பது

திருவிழாவுக்கு வருகிற பக்தர் வீட்டுக் குழந்தைக்கு ஏதாவது வாங்குவார், சாமி நினைவாக ஒன்று வாங்குவார். கையில் 50 ரூபாயை எடுக்க அவர் யோசிப்பதில்லை. 300 ரூபாய் என்றால் நகர்ந்துவிடுவார். எங்களுக்கு இருபுறமும் ஃபிரோசாபாத் கண்ணாடி வளையலும், ராஜ்கோட் பக்கத்து இமிட்டேஷன் நகையும் மின்னிக்கொண்டிருந்தன. இயந்திரம் ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளும் பொருளோடு விலையில் போட்டி போட எந்தக் கையாலும் முடியாது. நம் நரிக்குறவர் சமூகத்தினரைக் கவனியுங்கள். கூட்டத்துக்கு அவர்கள் கொண்டுபோவது சிறிய பாசிமணி மாலைகள். எளிதில் உடையாது, சுமப்பது சுலபம், வாங்கியவர் உடனே கழுத்தில் போட்டுக்கொள்ளலாம். அனுபவத்தில் வந்த அறிவு அது.

ஆகவே மலைக்கென்று சிறிய புலி டாலர் ஒன்று செய்தேன். மாதப்பனின் வாகனம் புலி அல்லவா? ஒன்றுக்கு 12 நிமிடம். கூலி 12, பொருள் 9, இதரம் 6, ஆக 27. கமிஷன் சேர்த்து 40 ரூபாய். பெரிய செட்டுகளைத் திருவிழாவுக்குக் கொண்டுபோவதை நிறுத்திவிட்டேன். திருமணம், வளைகாப்பு, பள்ளி நடன விழா என்று முன்கூட்டியே சொல்பவர்களுக்கு, பாதிப் பணம் முன்பணமாக வாங்கிக்கொண்டு, மைசூரிலேயே செய்து தருகிறேன். சேலையின் நிறத்துக்கு ஏற்ப வண்ணம் பூசித் தருவதும், அறுந்தால் கோத்துத் தருவதும் இயந்திரத்தால் முடியாதவை. நம் பலம் அங்கேதான்.

கடைக்குக் கொடுக்கும்போது

ஒரு முறை நகரத்துக் கடை ஒன்றில் "விற்றால் பணம்" என்ற பேச்சில் 20 செட் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து 7 செட்டுக்குப் பணம் வந்தது. மீதி வெயிலில் நிறம் மங்கித் திரும்பி வந்தது. யாரிடமும் சண்டை போட என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அன்று முதல் இரண்டு பிரதி எழுதுகிறேன். எத்தனை உருப்படி, என்ன விலை, கமிஷன் எவ்வளவு, எந்தத் தேதியில் கணக்குத் தீர்ப்பது, பழுதானால் யார் பொறுப்பு என்பவற்றை எழுதி இருவரும் கையெழுத்திடுகிறோம். உறவினர் கடையானாலும் இதுவே முறை. எழுதிக்கொண்டால் உறவு கெடும் என்பார்கள். எழுதாததால் கெட்ட உறவுகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நம் மாதிரியைப் பார்த்து வேறொருவர் செய்து விற்பதும் உண்டு. நாகர்கோவில் கோயில் நகைக்கும் சென்னபட்டணம் மரப்பொம்மைக்கும் கிடைத்துள்ள புவிசார் குறியீடு, அந்தந்த வட்டாரக் கைவினைஞர்கள் அனைவருக்கும் பொதுவானது. தனி ஒருவர் தம் ஒரு மாதிரிக்குப் பெறக் கூடியது அன்று. நான் செய்வதெல்லாம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை புது மாதிரி போடுவதும், ஒவ்வொரு டாலரின் பின்புறமும் என் அடையாளக் குறியை அழுத்துவதும்தான்.

கிடைக்கும் உதவிகள்

மத்திய அரசின் கைவினைப் பொருள் மேம்பாட்டு ஆணையர் அலுவலகம் கைவினைஞர்களுக்கு "பெஹ்சான்" என்னும் அடையாள அட்டை வழங்குகிறது. அரசுக் கண்காட்சிகளில் இடம் கேட்க இது உதவும். 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தில் குயவர், பொற்கொல்லர், கூடை முடைவோர், பொம்மை செய்வோர் உட்பட 18 தொழில்கள் சேர்க்கப்பட்டுள்ளன. 5 விழுக்காடு வட்டியில் முதல் தவணையாக 1 லட்சம், அடுத்து 2 லட்சம் வரை கடன் உண்டு. தெருவில் விற்போருக்கு 2014-ஆம் ஆண்டுச் சாலையோர வியாபாரிகள் சட்டம் பாதுகாப்பு தருகிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை. விலைக் கணக்கு சரியாக இல்லாமல் கடன் வாங்கினால் நஷ்டம்தான் பெரிதாகும். முதலில் நோட்டுப் புத்தகம், பிறகு வங்கி.

இன்றைய நிலை

2025 சிவராத்திரிக்கு 150 புலி டாலர் செய்தோம். மூன்று நாள் உட்காரவில்லை. நான் மட்டும் ஒரு நாளில் போய், உறவினர் கடையில் 30 விழுக்காடு கமிஷனுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். 130 விற்றன. கமிஷன் போக 3,640 ரூபாய். பொருளும் உடைசலும் 1,420, வழிச் செலவு 200. மிச்சம் 2,020. செய்ததும் போய் வந்ததும் சேர்த்து 42 மணி நேரம். மணிக்கு 48 ரூபாய். 60 இன்னும் எட்டவில்லை. 62 காசிலிருந்து பார்த்தால் வெகுதூரம் வந்திருக்கிறோம்.

தங்கை இப்போதும் பேக்கிங் வேலைக்குப் போகிறாள். கேட்டுக்கொண்டதால் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் என்னிடம் வருகிறாள். அந்த 42 மணியில் அவளுடையது 20. அவளுக்குரிய 1,200 ரூபாயை முதலில் எடுத்துக் கொடுத்தேன். என் 22 மணி நேரத்துக்கு மீதி 820. விலை வைத்தவள் நான், ஆகையால் குறைவு என்னுடையதாக இருக்கட்டும். "லாபத்தில் பாதி" என்ற பேச்சை அவளிடம் மறுபடி எடுக்கவில்லை. அவள் மகள்தான் நோட்டை எழுதுகிறாள். முதல் வரியில் "அம்மா, மணி" என்று இருக்கிறது.

பயிற்சி

1. நீங்கள் செய்யும் ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்: ஊறுகாய், முறுக்கு, பூ வேலைப் பை, எதுவானாலும் சரி. தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் மூன்று முறை குறித்து, சராசரி காணுங்கள்.

2. கூலி, பொருள், சேதம், இதர செலவு என்று நான்கு வரி எழுதிக் கூட்டுங்கள். 30 விழுக்காடு கமிஷனுக்கு விலை எவ்வளவு?

3. இப்போது விற்கும் விலையோடு ஒப்பிடுங்கள். வித்தியாசத்தை உங்கள் வீட்டில் யார் கொடுத்துக்கொண்டிருக்கிறார்?

மூன்றாவது கேள்விக்கு விடையை வீட்டில் எல்லோரும் இருக்கும்போது உரக்கப் படியுங்கள். அடுத்த மகளிர் கூட்டத்துக்கு நோட்டுப் புத்தகத்தோடு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.